குழுப் படம், ஒரே எடிட்டர், பதினோரு நாள்: பேச்சு உதட்டோடு ஒட்டவில்லை, கண்மாய் ஷாட்டை வெட்ட விடவில்லை

வைகைக்கரை · ஞாயிறு இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டருக்கு ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்து முடித்திருக்கிறோம். எட்டு நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும், இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. எடிட்டிங் நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ரீல்ஸ் வெட்டிப் பழக்கம் உண்டு, கதைப் படம் இதுதான் முதல் தடவை.

கதை சின்னது. தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் அப்பா. அன்று காலை முதல் இண்டர்வியூவுக்குப் போக வேண்டிய மகன். விடிவதற்கு முன்னால் மகனுடைய ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிறார், கரிப்பெட்டி ஒரு நொடி அதிகம் நின்று, நெஞ்சுப் பக்கம் கருகிவிடுகிறது. அதை மகனிடம் எப்படிச் சொல்லப்போகிறார் என்பதுதான் படம்.

மொத்தம் 3 மணி 40 நிமிடம் ஃபுட்டேஜ். வாடகைக் கேமரா ஒன்று, போன் இரண்டு. பேச்சை இன்னொரு போனில் காலர் மைக் போட்டுத் தனியாகப் பதிவு செய்தோம். நான் வேலை செய்வது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில், லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்.

போனில் எடுத்த டேக்குகளில் தொடக்கத்தில் பேச்சை உதட்டோடு ஒட்ட வைத்தால் நாலு நிமிடம் கழித்து விலகிவிடுகிறது. நகர்த்திக் கடைசியைச் சரி செய்தால் தொடக்கம் போய்விடுகிறது. அப்புறம் டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஓட்டினாலே படம் திக்குகிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, முதல் கட் பதினாலு நிமிடம் வந்திருக்கிறது, ஐந்து பேரும் ஐந்து விதமாக வெட்டச் சொல்கிறார்கள். படம் தொடங்குவதே கண்மாயில் சூரியன் எழும் ஒரு ஷாட்டில், 40 விநாடி. அதை எடுக்க மூன்று நாள் நாலரை மணிக்கு எழுந்து போனோம், முதல் இரண்டு நாளும் மேகம். அதில் ஒரு விநாடியைக்கூடத் தொடக்கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, வழி சொல்லுங்கள்.


ரீல்பெட்டி · திங்கள் காலை 6.15

தம்பி, பதினாலு நிமிடம் வந்ததற்குப் பயப்படாதே. முதல் கட் என்பது எழுதியதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்ப்பது, பாதிக்கு மேல் நீளமாகத்தான் இருக்கும். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கல்யாண வீடியோவில் தொடங்கி இப்போது சீரியல். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் வருகிறது.

ஒரு கேள்வி. 3 மணி 40 நிமிடத்தையும் முழுதாக, நிறுத்தாமல், ஒரு தடவையாவது பார்த்தாயா? ஸ்கிரிப்டில் குறித்த ஓகே டேக்கை மட்டும் எடுத்து ஒட்டியிருந்தால் இப்போதே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார். ஸ்பாட்டில் ஓகே சொன்னது வசனம் தப்பில்லாமல் வந்ததற்காக. நல்ல முகம் பெரும்பாலும் ‘கட்’ சொன்னதற்குப் பிறகு, இல்லை ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னால் இருக்கும். நடிகர் தான் படம் பிடிக்கப்படுகிறோம் என்பதையே மறந்து நிற்கும் இரண்டு விநாடி அது. பார்க்கும்போது கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எதைப் பார்த்து உனக்கு ஏதாவது ஆனதோ அதை மட்டும் எழுது. அந்த முதல் பார்வை ஒரு தடவைதான் கிடைக்கும், பத்தாவது தடவை பார்க்கும்போது உனக்கு எதுவும் தோன்றாது, அப்போது அந்த நோட்டுதான் உன்னைக் காப்பாற்றும்.

ஃபோல்டரைக் கேமரா வாரியாக வைத்திருந்தால் காட்சி வாரியாக மாற்று. மெமரி கார்டை யாரும் அழித்துவிட வேண்டாம். இரண்டு வேறு டிரைவில் காப்பி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.


ஒலிக்கிறுக்கன் · திங்கள் காலை 9.02

பேச்சு விலகுவதற்கு நீங்கள் காரணம் இல்லை, போன்தான் காரணம். போன் கேமரா விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 தனித்தனிப் படம், என்று சொல்லும், ஆனால் சரியாக 30 எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் குறைத்துக்கொள்ளும், சூடானாலும் குறைத்துக்கொள்ளும். இதற்குத்தான் வேரியபிள் ஃப்ரேம் ரேட் என்று பெயர். எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃப்ரேமும் சம இடைவெளியில் வந்ததாக நினைத்து அடுக்குகிறது. அங்கேதான் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகிறது.

இரண்டு கருவியின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த வித்தியாசம் இருக்கும், ஆனால் நாலு நிமிடத்தில் ஒரு ஃப்ரேம்கூட ஆகாது. 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லி விநாடி. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விலகினால் முதலில் ஃப்ரேம் ரேட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் போன் ஃபைலைத் திறந்து ஃப்ரேம் ரேட் மோட் என்ன என்று பாருங்கள். ‘வேரியபிள்’ என்று இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ தேர்வு செய்து, தரம் குறையாத அளவில் மாற்றி எடுத்துக்கொண்டு அதை வைத்து எடிட் செய்யுங்கள். ஏற்கெனவே வெட்டியதில் பழைய ஃபைலுக்குப் பதில் புதியதை இணைக்கலாம் (ரீலிங்க்), ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஒன்றிரண்டு ஃப்ரேம் தள்ளிப் போயிருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, நாலு நிமிட டேக்கை முழுதாக யாரும் படத்தில் வைக்கப்போவதில்லை. எந்த எட்டு விநாடி வேண்டுமோ அந்த எட்டு விநாடியை மட்டும் ஒட்டினால் போதும். ‘ப’, ‘ம’ வரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதடு மூடித் திறக்கும் எழுத்து அது, ‘அப்பா’ என்ற சொல் போதும். உங்கள் படத்தில் அதற்குப் பஞ்சம் இருக்காது.


வைகைக்கரை · திங்கள் இரவு 10.25

ரீல்பெட்டி அண்ணா, நான் தம்பி இல்லை, தங்கச்சி. பரவாயில்லை.

மீடியாஇன்ஃபோவில் பார்த்துவிட்டேன், இரண்டு போன் ஃபைலுமே வேரியபிள்தான். ஒன்றில் சில இடம் 24க்குக் கீழே போயிருக்கிறது. அதுவும் விடியற்காலையில் எடுத்தது, வெளிச்சம் இல்லாத நேரம். எல்லாவற்றையும் மாற்றப் போட்டிருக்கிறேன். ஒரு டேக்கை ‘அப்பா’ என்ற சொல்லை வைத்தே ஒட்டிப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு வாரமாக இதற்காக ராத்திரி தூங்காமல் இருந்தேன்.

கேமராவில் எடுத்தது 25, போனில் 30. டைம்லைன் எதில் வைக்க வேண்டும்? அப்புறம், வீட்டுத் திண்ணையில் டியூப் லைட் வெளிச்சத்தில் போனில் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டை பட்டையாக மேலிருந்து கீழே ஓடுகிறது. அதைப் போக்க முடியுமா?


ரீல்பெட்டி · திங்கள் இரவு 10.58

மன்னித்துக்கொள் தங்கச்சி.

எது அதிகமோ அதில் வை. கேமரா ஃபுட்டேஜ்தான் அதிகம் என்றால் 25. ரிசால்வில் டைம்லைன் போட்டுவிட்டால் பிறகு அதன் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது, அதனால் முதலிலேயே ப்ராஜெக்ட் செட்டிங்கில் பார்த்துக்கொள். 30-ஐ 25-க்குள் போட்டால் விநாடிக்கு ஐந்து ஃப்ரேமை அது தூக்கிவிடும். உட்கார்ந்து பேசும் ஷாட்டில் தெரியாது, கேமரா நகரும் ஷாட்டில் துள்ளல் தெரியும். அதைப் பார்த்து எடுத்துக்கொள்.

படம் திக்காமல் இருக்க ப்ராக்ஸி போடு, எடிட் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளும் எடை குறைந்த நகல் அது. மீடியா பூலில் எல்லா கிளிப்பையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக், ‘ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா’, கால் அளவு போதும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கு. கேமராவும் போனும் எச்.264 என்ற சுருக்கும் முறையில் எழுதும்போது எல்லா ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை, ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதிவிட்டு அடுத்தடுத்ததில் என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். நீ நடுவில் ஒரு இடத்தில் கர்சரை வைத்தால் லேப்டாப் பழைய ஃப்ரேமிலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கிறது. அதுதான் திக்கல். ப்ராக்ஸியில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக இருக்கும்.


பனைவெளி · செவ்வாய் மதியம் 1.10

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. இங்கேயும் அங்கேயும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான், எனவே டியூப் லைட் விநாடிக்கு 100 தரம் கூடிக் குறையும். கைபேசி தன்பாட்டில் ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, விநாடியில் 60-இல் ஒன்று, 120-இல் ஒன்று என்று வைத்தால் அந்தப் பட்டை வரும். ஷட்டரை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று என்று கையால் வைத்திருந்தால் வந்திராது. அடுத்த படத்துக்கு ஞாபகம் வைத்திருங்கோ.

எடுத்ததற்கு என்ன செய்யலாம் என்றால், அந்த பிளிக்கரை (வெளிச்சத் துடிப்பை) எடுக்கும் கருவி ரிசால்வ் இலவசப் பதிப்பில் இல்லை. நாங்கள் செய்தது, அதே கிளிப்பை இன்னொரு தரம் மேலே வைத்து, ஒரு ஃப்ரேம் தள்ளி, மேலே இருப்பதன் ஒபாசிட்டியை (தெரியும் அளவை) பாதியாக்கினது. பட்டை முழுதாகப் போகாது, ஆனால் மங்கும். ஆள் அசைந்தால் நிழல் விழுந்த மாதிரித் தெரியும், ஆக அசைவில்லாத ஷாட்டுக்கு மட்டும்தான் சரி. மற்ற ஷாட்டுகளில் டியூப் லைட் படாத குளோசப் ஏதும் இருந்தால் அதற்குப் போங்கோ. எங்கள் படத்தில் அப்படித்தான் ஒரு காட்சி முழுவதையும் கைகளிலேயே வைத்து முடித்தோம். பார்த்த ஒருவரும் அது ஏன் என்று கேட்கவில்லை, நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்கள்.


தறிநாடா · செவ்வாய் இரவு 8.30

தொழில்நுட்பத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் குழு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் படம் கெட்டது அதில்தான்.

நான்கு வருடம் முன்னால் எங்கள் குழுவில் நான் எடிட்டர். டைரக்டர், கேமராமேன், இன்னும் இரண்டு பேர், எல்லோரும் என் அறையில் என் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து, ‘இன்னும் ரெண்டு ஃப்ரேம் முன்னால, இல்ல ஒண்ணு பின்னால’ என்று மூன்று ராத்திரி ஓட்டினோம். மூங்கில் கட்டி, கயிறு போட்டு, எட்டு பேர் இழுத்து ஒரு கிரேன் ஷாட் எடுத்திருந்தோம். கிணற்றுக்குள்ளிருந்து மேலே வரும். அதை வெட்ட எனக்கு மனசு வரவில்லை, யாருக்கும் வரவில்லை. கல்லூரித் திரையிடலில் அந்த ஷாட் வந்தபோது அரங்கில் இருமல் சத்தம் கேட்டது, நாலைந்து போன் வெளிச்சம் தெரிந்தது. மூங்கில் கட்டினது நாங்கள், அவர்களுக்கு மூங்கில் தெரியாது. அவர்கள் பார்த்தது மெதுவாக மேலே போகும் ஒரு கிணற்றுச் சுவர்.

தங்கச்சி, நீங்கள் நாலரை மணிக்கு எழுந்தது அந்த ஷாட்டில் எங்கேயும் இல்லை. அதைத் தூக்குங்கள். படம் அப்பாவின் கையில் தொடங்கட்டும்.

குழுவுக்கு ஒரு ஏற்பாடு. டைம்லைனில் ஒரே ஆள் கை. மற்ற நாலு பேரும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து முழுப் படத்தையும் நிறுத்தாமல் பார்க்க வேண்டும், எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை, எங்கே நெஞ்சில் பட்டது என்று தாளில் நிமிடம் விநாடியோடு எழுதித் தர வேண்டும். எப்படி வெட்டணும் என்று எழுதக்கூடாது. நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்று பேர் ஒரே நிமிடத்தில் சலித்திருப்பது தெரிந்துவிடும். அதற்கு அப்புறம் வாக்குவாதமே இருக்காது. டைரக்டருக்கு மட்டும் கடைசிச் சொல்.


கரும்பலகை · புதன் காலை 7.05

பல வருடமாக விஸ்காம் மாணவர்களுக்குப் படத்தொகுப்பு நடத்துகிறேன். தறிநாடா சொல்வதில் ஏற்பாடு முழுக்கச் சரி. ஆனால் ‘தூக்குங்கள்’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்ட பாட்டுக்காக ஒரு ஷாட்டை வைக்கக்கூடாது என்பது எப்படி உண்மையோ, பட்ட பாட்டின் மேல் வந்த கோபத்தில் நல்ல ஷாட்டைத் தூக்குவதும் தப்பு. ஷாட்டை வெட்டுவதா வைப்பதா என்று கேட்பதற்கு முன்னால், அது எதற்குப் பிறகு வருகிறது என்று கேளுங்கள்.

ரஷ்யாவில் நூறு வருடம் முன்னால் லெவ் குலேஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு படங்களை ஒட்டிக் காட்டினார். முகம் மாறவே இல்லை. பார்த்தவர்கள் பசி என்றும் துக்கம் என்றும் ஆசை என்றும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். இதை வகுப்பில் எல்லோரும் படித்திருப்பீர்கள், தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். இப்போது உங்கள் டைம்லைனில் செய்து பாருங்கள்.

படத்தின் தொடக்கத்தில் கண்மாயில் சூரியன் எழுந்தால் ‘காலை ஆகிவிட்டது’ என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு 40 விநாடி வேண்டாம், 4 விநாடியே அதிகம். அதே ஷாட்டைச் சட்டை கருகிய பிறகு, அப்பாவின் முகத்துக்கு அடுத்தபடியாக வையுங்கள். இப்போது சூரியன் எழுகிறது என்றால் இண்டர்வியூவுக்கு நேரமாகிறது, மகன் எழுந்துவிடுவான், கடை எதுவும் திறந்திருக்காது, இன்னொரு சட்டைக்கு வழியில்லை. அந்த மனிதருக்கு அன்றைக்கு விடியவே கூடாது. ஒரு வார்த்தை எழுதாமல் இத்தனையும் பார்ப்பவருக்குத் தெரியும்.


தறிநாடா · புதன் காலை 9.48

சார், இதை யோசிக்கவே இல்லை. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், தூக்க வேண்டாம். ஆனால் 40 விநாடி வேண்டாம் என்பதில் நிற்கிறேன். கருகின சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரை விட்டு அத்தனை நேரம் போனால் திரும்பி வரும்போது பார்ப்பவர் சூடு ஆறியிருப்பார்.


வைகைக்கரை · வியாழன் இரவு 12.15

கரும்பலகை சார், கை நடுங்கிக்கொண்டே மாற்றிப் பார்த்தேன். டைரக்டரைக் கூப்பிட்டு எதுவும் சொல்லாமல் ஓட்டிக் காட்டினேன். ஷாட் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ‘எவ்வளவு குறைக்கணுமோ குறைச்சுக்கோ’ என்று அவரே சொன்னார். 22, 15, 12 என்று வைத்துப் பார்த்து இப்போது 9 விநாடியில் நிற்கிறது.

ஆனால் அதற்கு முந்தின காட்சி, அதாவது கருகும் காட்சி, இன்னும் சரியாக வரவில்லை. இப்போது இருப்பது இப்படி: பெட்டி சட்டை மேல் நிற்கும் குளோசப், புகை, அப்பா முகம், பெட்டியைத் தூக்குகிறார், பழுப்புத் தடம் குளோசப், மறுபடி அப்பா முகம், மகன் வந்து ‘என்னப்பா ஆச்சு’ என்று கேட்கும் முகம். எல்லாம் இருக்கிறது, ஆனால் பார்க்கும்போது ஒன்றும் ஆகவில்லை. போதாக்குறைக்கு வைடு ஷாட்டில் துண்டு வலது தோளில் இருக்கிறது, குளோசப்பில் இடது தோளில். அதை எப்படி மறைப்பது?


ரீல்பெட்டி · வியாழன் காலை 6.40

நீ எல்லாவற்றையும் காட்டிவிடுகிறாய். பார்ப்பவருக்கு வேலையே இல்லை.

புகையை எடு. தடம் குளோசப்பையும் இப்போது எடு. அப்பா எதிர்வீட்டையோ தெருவையோ பார்த்துக்கொண்டு நிற்கும் துண்டு ஏதாவது இருக்கும், ‘கட்’டுக்குப் பிறகு தேடு. அவர் முகம், கீழே கை நிற்கிறது என்பது தெரிந்தால் போதும், பெட்டி ஃப்ரேமில் இல்லாவிட்டாலும் சரி. அவருக்கு வாடை தட்டும். கண் கீழே இறங்கும். அங்கே வெட்டாதே. இறங்கின கண் நின்ற பிறகு, நீ வெட்டணும் என்று நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு விநாடி நில். அவர் பார்த்ததை நாம் பார்க்கவில்லை, அதனால் நாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்போம். அதற்கு அப்புறம் கண்மாய்.

கண்மாய்க்குப் பிறகு அவர் சட்டையை மடிக்கும் ஷாட் எடுத்திருக்கிறீர்களா? இருந்தால் அதைப் போடு. தடம் உள்பக்கம் போகிற மாதிரி மடிக்கட்டும். மகனின் ‘என்னப்பா’ மடிக்கும் கையின் மேலேயே கேட்கட்டும், அவன் முகம் அரை விநாடி கழித்து வரட்டும். குரல் முந்தி, படம் பிந்தி. ஜே கட் என்பது இதுதான். தடத்தை முதன்முதலில் நாம் பார்ப்பது மகன் சட்டையைப் பிரிக்கும்போது.


கரும்பலகை · வியாழன் காலை 8.20

தோள் துண்டைப் பற்றி: ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10. ஆளும் பொருளும் இடம் மாறாமல் இருக்கிற தொடர்ச்சிக்கு வெறும் 4. முகம் சரியாக இருந்தால் துண்டை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். துண்டைப் பார்த்தார்கள் என்றால் முகத்தில் ஏதோ குறை, அதைச் சரி செய்யுங்கள்.


ஒலிக்கிறுக்கன் · வியாழன் மதியம் 2.30

என்ன பாட்டு போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஏதாவது சினிமா பின்னணி இசையைப் போட்டிருப்பீர்கள் என்று பயமாக இருக்கிறது. யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும், விழாக்களிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது ஒரு பக்கம். இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது என் எண்ணம். கரிப்பெட்டிக்கு எத்தனை சத்தம் இருக்கிறது தெரியுமா? மூடியின் கீல், உள்ளே கரி வெடிக்கும் சின்னச் சத்தம், ஈரத் துணியில் பட்டதும் வரும் ‘ஸ்ஸ்’, தாங்கியில் வைக்கும்போது கனமாக ஒரு ‘டங்’. விடியற்காலையில் தெருவில் வேறு சத்தம் இருக்காது, போய்ப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். போன் ரெக்கார்டரே போதும், பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் போதும்.

அங்கேயே யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். அந்த இடத்தின் வெறும் சத்தம் அது. வசனத்துக்கு வசனம் வெட்டும் இடத்தில் பின்னணி சட்டென்று செத்துப்போகிறதே, அந்த ஓட்டையை எல்லாம் அதை வைத்து அடைக்கலாம். பிறகு, கண்மாய் 9 விநாடிக்கும் கண்மாய்ச் சத்தம் போடாமல், பெட்டியின் சத்தத்தையே கொண்டுபோய்ப் பாருங்கள். படம் வெளியே போனாலும் காது அவர் பக்கத்திலேயே இருக்கும். தறிநாடா சொன்ன சூடு ஆறும் பிரச்சினையும் தீரும்.


வைகைக்கரை · சனி இரவு 9.50

போய்விட்டு வந்தோம். எந்த வண்டியில் படம் எடுத்தோமோ அந்த வண்டிக்காரரிடம்தான், அவர்தான் தன் பெட்டியைப் படத்துக்குக் கொடுத்தார். காலை ஐந்தரைக்குப் போனபோது கரி மூட்டிக்கொண்டிருந்தார். காலர் மைக்கைத் தாங்கிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து இருபது நிமிடம் பதிவு செய்தோம். ‘டங்’ என்ற அந்தச் சத்தம் ஹெட்போனில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பின்னணி இசையை மொத்தமாக எடுத்துவிட்டேன், கடைசி டைட்டிலுக்கு மட்டும் எங்கள் வகுப்பு நண்பர் வாசித்த புல்லாங்குழல்.

‘கட்’டுக்குப் பிறகு இருந்த துண்டு கிடைத்தது அண்ணா. அப்பாவாக நடித்த மாமா வசனம் முடித்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று கேமராமேனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிகிறார். பெட்டியைப் பார்த்துக் குனிகிற மாதிரியே இருக்கிறது. மூன்று டேக்கில் நடித்துப் பார்த்ததைவிட இதில் இருக்கிறது எல்லாம்.

தறிநாடா அண்ணா சொன்ன தாள் முறையும் செய்தோம். நாலு பேரில் மூன்று பேர் மூன்றாவது நிமிடத்தில் சலித்திருந்தார்கள். மகனும் நண்பனும் டீக்கடையில் வேலையைப் பற்றிப் பேசும் காட்சி. அதை எழுதியது நான். இரண்டு நிமிடம் பத்து விநாடி, ஒரேயடியாக எடுத்துவிட்டேன். அதில் சொன்னது எல்லாமே சட்டைக் காட்சியில் தெரிகிறது.


பனைவெளி · ஞாயிறு காலை 10.00

சந்தோசம் தங்கச்சி. ஒன்று கேட்கிறேன், கதை தெரியாத ஆள் யாருக்காவது காட்டினீங்களா? உங்கள் ஐந்து பேருக்கும் கதை பாடம். தெரியாத ஒருவரை இருத்திப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவரின் முகத்தைப் பாருங்கோ.


ரீல்பெட்டி · ஞாயிறு காலை 11.20

எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு வார்த்தை. எச்.264, 1080, 25 ஃப்ரேம். யூடியூப் இந்த அளவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பரிந்துரைக்கிறது, கல்லூரிக்குக் கொடுக்கும் காப்பிக்கு நீ 20 வை. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதே, டாக்குமெண்ட்டாக அனுப்பு. எக்ஸ்போர்ட் ஆனதும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் கையிலிருந்து விட வேண்டும்.


வைகைக்கரை · செவ்வாய் இரவு 11.05

பனைவெளி அண்ணா, வண்டிக்காரரிடமே லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டினோம். சாயங்காலம், துணி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்து. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்மாய் வந்தபோது கை தானாகப் பக்கத்தில் இருந்த சட்டையைத் தடவியது. முடிந்ததும், நல்லா இருக்கும்மா என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, ‘ஆனா கரி போட்டதும் யாரும் வெள்ளைச் சட்டை மேல வைக்க மாட்டாங்க, ஊதி சாம்பலைத் தட்டிட்டு, ஒரு பழந்துணியில இழுத்துப் பாத்துட்டுத்தான் வைப்போம். நீங்க காட்டுற ஆளு இருபது வருசம் தேச்ச ஆளு இல்ல’ என்றார்.

படத்தில் அந்த அப்பா இருபது வருடம் தேய்த்தவர், அதுதான் கதையே. வீட்டுக்கு வந்து 3 மணி 40 நிமிடத்தையும் மறுபடி ஓட்டினேன். இரண்டாம் நாள் கார்டில், ஃபோகஸ் பார்ப்பதற்காக எடுத்த ஒரு ஷாட்டில், நடிக்கும் மாமாவுக்கு எப்படி என்று காட்டுவதற்காக வண்டிக்காரரே பெட்டியைத் தூக்கி ஊதுகிறார். சாம்பல் பறக்கிறது. அப்புறம் மடித்த பழந்துணியில் இரண்டு இழுப்பு. முகம் தெரியவில்லை, கையும் பெட்டியும் மட்டும். மொத்தம் ஐந்து விநாடி. நோட்டில் முதல் பார்வையிலேயே ‘ஊதுறது நல்லா இருக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மறந்துபோயிருக்கிறது.

இப்போது படம் அந்த ஐந்து விநாடியில்தான் தொடங்குகிறது. மொத்தம் 7 நிமிடம் 12 விநாடி. நன்றி டைட்டிலில் இருந்த அவர் பெயரை நடித்தவர்கள் வரிசைக்கு மாற்றிவிட்டேன், டைரக்டரும் சரி என்றார். எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, 63 சதவீதம்.